அசையாத முகம்

நம்ம தேயிலைத் தோட்டத்தில் என்னோடு வளர்ந்தவர்களில் இப்போது மிஞ்சியிருப்பவர்கள் கொஞ்சப் பேர்தான். உங்களில் யாருக்காவது, ஒரு மழைக்காலம் முழுக்கச் சின்னத்துரை பங்களாவில் வந்து தங்கியிருந்த ஆராய்ச்சிக்காரர்களை ஞாபகம் இருக்கிறதா? போன திருவிழாவில் கேட்டுப் பார்த்தேன். ஒருத்தி, “பிஸ்கட் குடுத்தாங்களே, அவங்களா?” என்றாள். இன்னொருவர், “ரத்தம் எடுக்க வந்தவங்க” என்று அடித்துச் சொன்னார். ரத்தம் யாரும் எடுக்கவில்லை. தோட்டத்துக் குழந்தைகள் எப்படி வளர்கின்றன என்று பார்க்க வந்தார்கள். அதைச் சொன்னால் அன்றைக்கும் யாரும் நம்பவில்லை. குழந்தை வளர்வதில் பார்க்க என்ன இருக்கிறது என்றுதான் லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் கேட்டார்கள்.

நான் முன்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வேலையில் சேர்ந்த புதிதில் பதுளையில் ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. அங்கே ஒரு படம் போட்டுக் காட்டினார்கள். வெளிநாட்டுத் தாய் ஒருத்தி தன் குழந்தைக்கு முன்னால் உட்கார்ந்து சிரிக்கிறாள். பிறகு முகத்தை அப்படியே நிறுத்திவிடுகிறாள். குழந்தை அவளைப் பார்க்கிறது. அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. வெளியே வந்து பஸ் நிலையம் வரைக்கும் நடந்தேன். குடையை வகுப்பிலேயே விட்டுவிட்டேன் என்று நனைந்த பிறகுதான் தெரிந்தது.

ஆராய்ச்சிக்காரர்கள் வந்தபோது எனக்கு எட்டு வயது இருக்கும். நமுனுகுல மலை வாரக்கணக்கில் கண்ணில் படாத மழை. உதவி மேனேஜருக்குக் கட்டிய சின்னத்துரை பங்களா ரொம்ப நாளாகப் பூட்டிக் கிடந்தது. சுற்றிலும் டர்பன்டைன் என்று நாங்கள் சொல்கிற யூகலிப்டஸ் மரங்கள். மழையில் அந்த இலைகளின் வாசம் தைலம் கொட்டினதுபோல மூக்கில் ஏறும். அங்கே கொழும்பிலிருந்து ஓர் ஆராய்ச்சி அம்மா வந்தார். வெள்ளைச் சேலை, தடித்த கண்ணாடி, மெதுவான பேச்சு. அவருக்குத் தமிழ் வராது. பேசிக் கொடுக்கப் பதுளைக் கடைத்தெருவிலிருந்து ஒரு முஸ்லிம் டீச்சர் கூட வந்திருந்தார். எங்களிடம் பேசியதெல்லாம் டீச்சர்தான்.

பங்களாவின் சாப்பாட்டு அறையை நடுவில் பலகை அடித்து இரண்டாக்கியிருந்தார்கள். பலகையில் ஒரு பெரிய கண்ணாடி. இந்தப் பக்கம் நின்றால் உன் முகம் தெரியும். அந்தப் பக்கம் இருட்டில் நிற்பவருக்கு நீ தெரிவாய். இதைத் தோட்டி வந்து லயத்தில் சொன்னதும் கதை பரவிவிட்டது. எங்கேயோ அணை கட்டுகிறார்களாம், அதற்குப் பலி கொடுக்கப் பிள்ளைகளைப் பார்த்து எடுக்கிறார்களாம், எடுத்த பிள்ளைகள் கண்ணாடிக்குள் இருக்கிறார்களாம். ஆனாலும் எல்லோரும் போனார்கள். போகிற தாய்மாருக்கு அன்றைக்கு வேலைப்பேர் போட்டுச் சம்பளம் தருவதாகத் தோட்டத்துத் துரை சொல்லியிருந்தார்.

என்னையும் ஒரு நாள் உட்கார வைத்தார்கள். ஒரே மாதிரி இரண்டு கிளாஸில் சாயத்தண்ணீர் ஊற்றி, “எதுல கூட இருக்கு?” என்று டீச்சர் கேட்டார். “ரெண்டும் ஒண்ணுதான்” என்றேன். பிறகு ஒன்றை எடுத்து, என் கண் முன்னாலேயே ஒல்லியான உயரமான கிளாஸில் ஊற்றிவிட்டு, “இப்ப எதுல கூட இருக்கு?” என்று திரும்பக் கேட்டார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒரே கேள்வியை இரண்டாம் தரம் கேட்டால், முதலில் சொன்னது பிழை என்று அர்த்தம். அடி விழுவதற்கு முன் மாற்றிச் சொல்ல வேண்டும். “ஒசரமானதுல” என்றேன். ஆராய்ச்சி அம்மா தலையை ஆட்டி எதையோ எழுதிக்கொண்டார். என் வயதுக்கு என் புத்தி வளரவில்லை என்று எழுதியிருப்பார். பதுளை வகுப்பில் இதையும் படித்தேன், சிரித்துவிட்டேன்.

குழந்தைகளின் மூக்கில் சிவப்பு மை தடவி முகக்கண்ணாடி முன்னால் விட்டார்கள். கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று தெரிந்த குழந்தை தன் மூக்கைத் துடைக்குமாம். நம்ம லயத்துக் குழந்தைகள் ஒன்றுகூடத் துடைக்கவில்லை. கன்னத்திலும் நெற்றியிலும் திருஷ்டிப் பொட்டோடு வளர்கிற பிள்ளைகளுக்கு இன்னொரு பொட்டு என்ன அதிசயம்? தாய் எழுந்து வெளியே போனால் அழுகிறதா என்று பார்த்தார்கள். நம்ம பிள்ளைகள் கைக்குழந்தையிலிருந்தே பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் கிடந்தவர்கள். தாய் காலையில் விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போவாள், பால் கொடுக்க வருவாள், மறுபடி போவாள். அதனால் யாரும் அழவில்லை. ஆராய்ச்சி அம்மாவின் முகம் வாடிப்போனது. தாயின் மேல் ஒட்டுதல் இல்லாத பிள்ளைகள் என்று நினைத்தாரோ என்னவோ.

இனி அம்மாவின் கதைக்கு வருகிறேன்.

பாதையில் மண் சரிந்து பள்ளிக்கூடம் மூடியிருந்த ஒரு நாள், அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு பங்களாவுக்குப் போனாள். தம்பிக்கு ஆறு மாதம் இருக்கும். என்னை விட்டுவிட்டுப் போக இடமில்லாததால் கூட்டிக்கொண்டு போனாள். நான் தொந்தரவு கொடுக்கக் கூடாதென்று டீச்சர் என்னைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார வைத்தார். கறுப்புத் துணி கட்டிய இருட்டு. பூஞ்சண வாசமும் ஆராய்ச்சி அம்மாவின் பவுடர் வாசமும். நான் தேடிப் பார்த்தேன், அங்கே பிள்ளைகள் யாரும் இல்லை.

டீச்சர் அந்தப் பக்கம் போய் அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. “மொதல்ல புள்ளயோட சிரிச்சுப் பேசுங்க. மணி அடிச்சா மொகத்த அப்படியே வச்சிக்கொள்ளுங்க. சிரிக்கவும் வேணாம், கோவிக்கவும் வேணாம். புள்ள என்ன செஞ்சாலும் சும்மா பாத்துக்கொண்டு இருங்க. மறுபடி மணி அடிச்சாப் பழையபடி சிரிங்க. ஒண்டும் ஆகாது.”

மற்றத் தாய்மாரால் இதைச் செய்ய முடியவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். ஒருத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். ஒருத்தி குழந்தை சிணுங்கியதும் வாரி எடுத்துக்கொண்டாளாம்.

அம்மா சிரித்தாள், கன்னத்தைக் கிள்ளினாள். தம்பி கையைக் காலை உதைத்துக் கெக்கெக்கென்று சிரித்தான். மணி அடித்தது. அம்மாவின் முகம் நின்றது. அதை எப்படிச் சொல்வது? ஆள் குடியிருந்த வீடு ஒரு நொடியில் காலியானதுபோல. கண் திறந்திருந்தது. தம்பி முதலில் சிரித்துப் பார்த்தான். பிறகு தலையைச் சாய்த்துப் பார்த்தான். கையை நீட்டினான். ஒரு சத்தம் போட்டான், அம்மாவைக் கூப்பிட அவன் எப்போதும் போடுகிற சத்தம். அம்மா அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் வீறிட்டான். பிறகு அவன் உடம்பு தொய்ந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு தன் கைவிரலைப் பார்க்க ஆரம்பித்தான்.

மணி அடித்தது. அம்மா அசையவில்லை. ஆராய்ச்சி அம்மா திரும்பவும் அடித்தார். அப்போதுதான் அம்மா, எங்கேயோ தூரத்திலிருந்து கூப்பிட்டு வருகிறவள்போல வந்து சிரித்தாள்.

“ஒங்கள மாதிரி ஒருத்தரும் செய்யல்ல” என்றார் டீச்சர். “மேடம் ரொம்பச் சந்தோசம். வார கெழமயும் வருவீங்களா?”

அம்மா உடனே தலையாட்டினாள்.

திரும்பி வருகிறபோது கேட்டேன். “அம்மா, அங்க ஒனக்கு என்னா ஆச்சு?”

“ஒண்ணுமில்ல.”

“எனக்குப் பயமா இருந்துச்சு.”

அம்மா தம்பியை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். “எனக்கு நல்லா இருந்துச்சுடி. கொழுந்துக் கூடைய எறக்கி வச்ச மாதிரி.”

இதற்கு முந்தின மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் ஒரு சாவு. எனக்கும் தம்பிக்கும் நடுவில் ஒரு தங்கச்சி இருந்தாள். மூன்று வயதுகூட முடியவில்லை. காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாக இரண்டு நாள் கிடந்தாள். பாதை அடைபட்டுக் கிடந்ததால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லை. அப்போது தம்பி அம்மாவின் வயிற்றில். அம்மா வாயைத் திறந்து அலறியதும் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த பெரியம்மா வந்து வாயைப் பொத்தினாள். “அழாதடி. வயித்துல இருக்கறதுக்கு ஆகாது.” அம்மா அழவில்லை. ஆம்பிளைகள் தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு மூடுபனிக்குள் போனார்கள். நம்ம பக்கத்தில் பெண்கள் மயானத்துக்குப் போகிறதில்லை. சில நாள் கழித்து அம்மா, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்குப் போய் வரிசையில் நின்றாள். “என்னா தைரியம்!” என்று லயமே புகழ்ந்தது. அதற்குப் பிறகு தங்கச்சியின் பெயரை அம்மா சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்த வாரமும் போனோம். அதற்கு அடுத்த வாரமும் போனோம். பிறகு அந்த முகம் எங்கள் வீட்டுக்கு வந்தது.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அடுப்பில் சோறு பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அம்மா முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். கஞ்சி நெருப்பில் விழுந்து சீறியது. “அம்மா” என்றேன். கையைத் தொட்டேன். அவள் என்னைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்த மாதிரியே. எனக்கு வேறு வழி தெரியவில்லை. கரண்டியை எடுத்து டம்ளரில் தட்டினேன், மணிபோல.

அம்மா சிரித்தாள்.

பங்களாவில் சிரிக்கிற அதே சிரிப்பு, பல் தெரிய. பிறகு எழுந்து சோற்றை இறக்கினாள். எனக்குப் பெரிய சந்தோஷம். மருந்து கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு அம்மா அப்படி உட்காரும்போதெல்லாம் டம்ளரைத் தட்டினேன். ஒவ்வொரு முறையும் சிரித்தாள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் தட்டினபோது சிரிப்பு வந்தது, அம்மா வரவில்லை. வாய் மட்டும் சிரித்தபடி, கண் சுவரில் இருந்தது. அந்தச் சிரிப்பு இறங்கவே இல்லை. நான் டம்ளரைப் போட்டுவிட்டு வாசல் இஸ்தோப்புத் திண்ணைக்கு ஓடிவந்து, அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிவிட்டு வரும்வரை மழையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெரியம்மா சும்மா இருக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பகலில் கோடாங்கியைக் கூட்டி வந்தாள். அவர் உடுக்கை அடித்து, அம்மாவின் முகத்துக்கு நேரே சாம்பிராணி காட்டிக் குறி சொன்னார். “செத்த புள்ள போகல. தாயி மொகத்து மேல வந்து உக்காந்திருக்கு. ரெண்டு கையாலயும் மூடிக்கிட்டிருக்கு.”

அப்பாவுக்குக் கோபம் வந்தது. “பச்சப்புள்ள எங்கயாச்சும் பெத்தவ மொகத்த மூடுமா? எந்திரிச்சுப் போங்கய்யா.” ஆனால் எனக்கு அது மனதில் தங்கிவிட்டது. அம்மா தூங்கும்போது குனிந்து பார்ப்பேன். கன்னத்தில் சின்ன விரல்களின் தடம் இருக்கிறதா என்று தேடுவேன். பாய் அச்சு பதிந்திருந்தாலும் எனக்கு விரலாகவே தெரிந்தது. பயத்தோடு ஆசையும் இருந்தது. தங்கச்சியாக இருந்தால் நல்லதுதானே என்று.

அதற்கடுத்து நாங்கள் பங்களாவுக்குப் போனதுதான் கடைசி. அன்று மழை விட்டிருந்தது. பனி மட்டும் ஜன்னல் வரைக்கும் வந்து நின்றது. நான் வழக்கம்போலக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தேன். டீச்சர் கையைக் காட்டினார். அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். “தங்கம், ராசா” என்றாள். கன்னத்தைக் கிள்ளினாள்.

தம்பி சிரிக்கவில்லை.

அவன் நிமிர்ந்து உட்கார்ந்து அம்மாவைப் பார்த்தான். கண் திறந்திருந்தது. கையும் காலும் அப்படியே இருந்தன. அம்மா விரலைச் சொடுக்கினாள், நாக்கை நீட்டினாள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. அந்தச் சின்ன முகத்தில் அம்மாவின் முகம் இருந்தது. ஆராய்ச்சி அம்மா முன்னால் சாய்ந்து கண்ணாடிக்குக் கிட்டே போனார். அவர் மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது. மணியை அடிக்க மறந்துவிட்டார்.

“டேய்” என்றாள் அம்மா. “டேய், இங்க பாரு. அம்மாடா.” அவள் குரல் மாறியது. “அப்புடிப் பாக்காத. அப்புடிப் பாக்காதடா.”

பிறகு அம்மா தங்கச்சியின் பெயரைச் சொன்னாள். ஒரு தரம் மெதுவாக. அப்புறம் அந்தப் பங்களாவின் கூரை அதிரும்படி. தம்பியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். டீச்சர் “இருங்க, இருங்க” என்று குறுக்கே வந்தார். அம்மா அவரைத் தள்ளிவிட்டு வெளியே போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

லயத்துப் பக்கம் திரும்புவாள் என்று நினைத்தேன். அவள் மேட்டுப் பக்கம் ஏறினாள். மயானம் அங்கேதான். தேயிலை முடிந்து மானாப்புல் தொடங்குகிற இடம். அம்மாவும் நானும் அதுவரை அங்கே கால் வைத்ததில்லை. காலில் அட்டை ஏறியது. பனியில் பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. மேடும் பள்ளமும் புல்லும் ஒன்றுபோலவே இருந்தன. அம்மா ஒவ்வொரு மேடாகப் போய் நின்று பார்த்தாள். “எங்கடி வச்சாங்க? ஒனக்குத் தெரியுமா?” என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், விளையாடப் போன பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுவதுபோல. பனிக்குள்ளிருந்து சத்தம் திரும்பி வரவில்லை.

அப்போது அம்மாவின் தோளில் இருந்த தம்பி சிரித்தான்.

அவன் எங்களைப் பார்க்கவில்லை. அம்மாவின் முதுகுக்குப் பின்னால், புல் அடர்ந்த ஓர் இடத்தைப் பார்த்தான். கையைக் காலை உதைத்துக் கெக்கெக்கென்று சிரித்தான். கொஞ்சம் நிறுத்துவான், யாரோ ஏதோ செய்து காட்டுவதுபோல, பிறகு மறுபடி சிரிப்பான். அந்த வயதுக் குழந்தை அசைகிற எதையும் பார்த்துச் சிரிக்கும். நானே எத்தனையோ தாய்மாருக்கு அதைச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அந்த மேட்டில் காற்றே இல்லை. ஒரு புல்லும் அசையவில்லை.

அம்மா திரும்பினாள். தம்பி பார்த்த இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். நெற்றியை ஈரமண்ணில் வைத்து அழுதாள். ஒரு வருஷம் வயிற்றுக்குள் வைத்திருந்ததையெல்லாம் அழுதாள்.

டீச்சர் ஆள் அனுப்பி அப்பா வந்து சேர்ந்தார். கையில் கவ்வாத்துக் கத்தி. எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

“இங்கதான்னு யாரு சொன்னா?” என்று என்னிடம் கேட்டார்.

“யாரும் சொல்லலப்பா.”

அவர் குனிந்து புல்லை விலக்கினார். உள்ளே மண்ணில் பாதி புதைந்து ஒரு வெள்ளைக் கல் இருந்தது. புதைத்த அன்று அடையாளத்துக்கு அவரே வைத்த கல். கத்தியைக் கீழே போட்டுவிட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவரும் அழுதார். ஆம்பிளை அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அந்த மழைக்காலத்தின் மிச்ச நாளெல்லாம் அம்மா அழுதாள். கொழுந்து பறிக்கும்போது, சோறு வடிக்கும்போது, தண்ணீர் பிடிக்கும்போது. லயத்தில் எல்லோரும், பங்களாவுக்குப் போய்ப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்கள். பெரியம்மா அப்பாவிடம் வந்து, “எம்புட்டுத் தைரியமா இருந்தவ, இப்புடி ஆயிட்டாளே தம்பி. கோடாங்கியக் கூப்புடுவமா?” என்றாள்.

“வேணாம் மதினி” என்றார் அப்பா. “இப்பத்தான் அவ வீட்டுக்கு வந்திருக்கா.”

ஆராய்ச்சிக்காரர்கள் மழை முடிவதற்கு முன்பே போய்விட்டார்கள். போகிற அன்று டீச்சர் மட்டும் லயத்துக்கு வந்து வாசலிலேயே நின்றார். அம்மா அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்தாள். அம்மாவின் கண்கள் வீங்கியிருந்தன. டீச்சர் அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். “எங்களாலயா?” என்று கேட்டார். அம்மா, “சீனி போதுமா பாருங்க” என்றாள்.

தாய் சில நிமிடம் முகத்தை நிறுத்தினால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது, தாய் சிரித்ததும் சரியாகிவிடும் என்று மறுநாள் வகுப்பில் சொன்னார்கள். அது சரிதான். எங்கள் வீட்டில் அது சில நிமிடத்தில் முடியவில்லை.

அம்மா நன்றாக இருந்தாள். எங்களைத் திட்டினாள், சிரித்தாள், பேரப்பிள்ளைகளை வளர்த்தாள், வயதாகிச் செத்தாள். தம்பி இப்போது அப்புத்தளையில் ஸ்டேஷனுக்குக் கிட்டே கடை வைத்திருக்கிறான். வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரர்களோடு வாய் ஓயாமல் பேசுகிற ஆள். அந்த மழைக்காலம் அவனுக்கு ஞாபகம் இல்லை, இருக்கவும் முடியாது. நானும் சொன்னதில்லை.

ஆனால் பனி இறங்கிக் கடையில் ஆள் இல்லாத நேரங்களில், சில நாள் அவன் மனைவி உள்ளேயிருந்து எனக்குப் போன் எடுப்பாள். “அண்ணி, கொஞ்சம் வந்துட்டுப் போங்க. இவரு மறுபடி அப்புடி உக்காந்திருக்காரு.” பண்டாரவளையிலிருந்து பஸ் பிடித்துப் போவேன். கல்லாவுக்குப் பின்னால் கண் திறந்தபடி உட்கார்ந்திருப்பான். நான் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவன் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டு பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். பெரும்பாலும் உடனே திரும்பிப் பார்ப்பான். சில நாள் கொஞ்சம் நேரமாகும்.